நனையக்கூடாத முதுகு

பத்து நாள் தொடர்ந்து நான் ஒரு பொய்யை எழுதினேன். எழுதினேன் என்பதும் சரியில்லை. போனில் ஒரு சின்னப் பெட்டிக்குள் விரலை வைத்தேன், பச்சை நிறத்தில் சரி என்று விழுந்தது. வீடு வீடாகப் போய் ஏலாதவர்களைப் பராமரிப்பது என் வேலை. மருந்து கொடுத்தால் ஒரு டிக், சாப்பாடு கொடுத்தால் ஒரு டிக், உடம்பு முழுவதையும் கழுவினால் ஒரு டிக். அந்த மூன்றாவது டிக்தான் பொய். லண்டனில் குட்மேய்ஸ் பக்கம் நான் பார்த்த பெரியவரின் முதுகை அந்தப் பத்து நாளில் ஒருநாளும் கழுவவில்லை. கழுவ அவர் விடவில்லை.

மறுத்துவிட்டார் என்று போட அதே போனில் இன்னொரு பெட்டி இருந்தது. ஆனால் அதைத் தொட்டால் ஏன் மறுத்தார் என்று கீழே எழுதச் சொல்லும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருபது வருசத்துக்கு மேலாக லண்டனில் இங்கிலீஷ் பேசிச் சமாளிக்கிறேன், எழுதச் சொன்னால் கை வேர்க்கும். அதோடு எனக்கு முன்னால் அவரிடம் வந்த ஆளை, மூன்று தரம் மறுத்தார் என்று எழுதியதற்காகவே மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். உண்மையோ தெரியாது. வாசல் கதவைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பிடம் வரை போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஆள் நான். எனக்குக் கேள்விப்பட்டதே போதும்.

பெரியவருக்கு எண்பத்து நான்கு வயது. வேல்ஸ் பக்கம். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, அது மூடின பிறகு லண்டனுக்கு வந்து, கார்த் தொழிற்சாலையில் ஓய்வுபெறும் வரை நின்றவர். மனைவி செத்து ஆறு வருசம். பிள்ளைகள் இல்லை. முன்னறையில் சாய்கதிரை, பக்கத்தில் சக்கரம் வைத்த மேசை, அதன்மேல் கொப்பி ஒன்று, பேனை இரண்டு. அவருடைய நெற்றியிலும் கைகளிலும் நீல நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. பச்சை குத்தியிருக்கிறார் என்று முதல் நாள் நினைத்தேன். காயத்துக்குள் கரித்தூள் போய் மூடினால் அப்படித்தான் நீலமாக நிற்குமாம். அறுபது வருசத்துக்கு முந்தின கரி இன்னும் அவருடைய தோலுக்குக் கீழே கிடந்தது. 

முதல் நாள் பேசின் பாத்திரத்தில் சுடுதண்ணீர் கொண்டுவந்து முகம், கழுத்து, கை, நெஞ்சு என்று கழுவிக்கொண்டு வந்தேன். முதுகுப் பக்கம் திரும்பினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். முதுகு வேண்டாம் என்றார். காய்ந்த துவாயை வாங்கி, இரண்டு நுனியையும் இரண்டு கையால் பிடித்து, முதுகுக்குக் குறுக்கே இழுத்து இழுத்துத் தேய்த்தார். கை நடுங்கியது, பாதி முதுகில் துவாய் படவேயில்லை. இன்றைக்கு வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதேதான். காரணம் கேட்கப் பயம். அவர் பேசின இங்கிலீஷ் வேறு, ஒரு மாதிரிப் பாட்டுப் போல ஏறி இறங்கும். அதை இங்கே எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன். அப்படித்தான் அது எனக்குள் பதிந்திருக்கிறது.

கழுவி உடுப்பு மாற்றின பிறகு தேத்தண்ணி கொடுப்பேன். பாதி குடித்ததும் கொப்பியை எடுத்து வாசிப்பார். கவிதை. எனக்குத் தெரிந்த கவிதை பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினது, சொல்லாவிட்டால் அடி விழும். கோயில் விழா மேடையில் வாசிக்கிறதும் கேட்டிருக்கிறேன், மாதாவைப் பற்றி, தாய்நாட்டைப் பற்றி. இவருடையது அப்படி இல்லை. வேலையால் வந்த தகப்பன் சப்பாத்தைக் கழற்றும்போது நிலத்தில் விழுகிற கரித்தூளைப் பற்றி ஒன்று. நெருப்புக்கு முன்னால் வைக்கிற தகரத் தொட்டியில் முதலில் யார் குளிப்பது என்று அண்ணன் தம்பிகள் சண்டை பிடிப்பதைப் பற்றி ஒன்று. கூலி குறைத்ததுக்காக வேலைக்குப் போகாமல் நின்ற மாதங்களில், தாய் ஒரே எலும்பை மூன்று தரம் அவித்ததைப் பற்றி ஒன்று. நான் திகைத்துப்போய் நின்றேன். இதையெல்லாமா கவிதையில் சொல்வார்கள்? எங்கள் வீட்டில் இதை ஆள் கேட்கக் கதைக்கவே மாட்டோம்.

ஒருநாள் பெரியவர், உன் தகப்பன் என்ன வேலை செய்தவர் என்று கேட்டார். லண்டன் வந்த நாளில் இருந்து அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. செவன் கிங்ஸ் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் தெரிந்த பதில். அப்பா கொன்ட்ராக்டர். வாயைத் திறந்தேன், அந்தச் சொல் வரவில்லை. கிணறு வெட்டுகிறவர் என்றேன். சுண்ணாம்புக் கல்லில் துளை போட்டு, வெடிமருந்து வைத்து, வெடித்த பிறகு கல்லை அள்ளுகிற வேலை. அப்பா கீழே நின்று கடகத்தை நிரப்ப, நான் மேலே நின்று கப்பியில் இழுப்பேன். அதற்காகத்தான் என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார்கள். மருந்து வைத்ததும் ஒழுங்கை ஒழுங்கையாக ஓடி "வெடி, வெடி" என்று கத்துவதும் என் வேலை. கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை, எங்களுடைய சிரிப்பைப் பார்த்து அவரும் சிரிப்பார்.

பெரியவர் கொப்பியை மூடி வைத்தார்.

"அப்ப நீயும் எங்கட ஆள்தான்," என்றார்.

 பேசினைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய், ஏற்கெனவே கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினேன். இருபது வருசத்துக்கு மேலாக மூடிவைத்த ஒன்றை ஒரு வெள்ளைக்காரனிடம், அதுவும் சம்பளத்துக்குப் பார்க்கிற ஆளிடம் சொல்லிவிட்டேனே என்று அன்று முழுக்க என்னையே ஏசிக்கொண்டேன்.

பத்தாம் நாள், புதன்கிழமை, எங்கள் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிற பெண் எனக்குப் போன் எடுத்தார். மலேசியத் தமிழ், இங்கே படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை நர்ஸ் வராங்க, ஸ்கின் செக் பண்ண. நாள் முழுக்க நாற்காலியிலேயே இருக்காருல்ல, முதுகுல புண்ணு வந்திருக்கான்னு பாப்பாங்க. வந்திருந்தா நர்சிங் ஹோம்தான். ஆனா உங்க ரெக்கார்டு அழகா இருக்குலா, தினமும் ஃபுல் வாஷ். நீங்க கவலப்படாதீங்க."

கவலைப்படாதீங்க என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கவலை தொடங்கும். வியாழக்கிழமை காலை பெனியன் மாற்றும்போது முதல் தரம் அவருடைய முதுகை நன்றாகப் பார்த்தேன். தோளுக்குக் கீழே மங்கலான சாம்பல் நிறம், செதில் செதிலாக. முள்ளந்தண்டின் அடியில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு.  புண் வந்து இவரை வீட்டை விட்டுக் கொண்டுபோகப் போகிறார்கள், என் பத்து டிக்கும் அதற்குச் சாட்சி.

அவர் மருந்துக் களையில் முன்னால் சாய்ந்து, சக்கர மேசையில் நெற்றியை வைத்துத் தூங்கிவிட்டார். பெனியன் போடாத முதுகு எனக்கு முன்னால் இருந்தது. பேசினில் தண்ணீரும் இளம் சூடாக இருந்தது. இரண்டு நிமிச வேலை. துணியை நனைத்து, சவர்க்காரம் போட்டு, மெதுவாகத் தோளில் இருந்து கீழே இழுத்தேன். துணி கறுத்தது. திரும்ப நனைத்தேன். இடது பக்கம் முடிந்து, வலது பக்கம் பாதி வந்துவிட்டது.

அவர் அலறினார்.

மனிதர் அப்படி அலறிக் கேட்டிருக்கிறேன், ஊரில், ஷெல் விழுந்த நேரம். லண்டனில் ஒரு முன்னறைக்குள் கேட்பேன் என்று நினைத்ததில்லை. துணி கையால் நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. அவர் கையைப் பின்னால் கொண்டுபோய், ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, அந்த விரல்களை முகத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மன்னிக்கச் சொல்லி எத்தனை தரம் கேட்டேனோ தெரியாது. பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். நான் தரையிலேயே இருந்துவிட்டேன்.

பிறகுதான் அவர் சொன்னார். அவர் ஊரில் சுரங்கத்துக்குப் போகிறவர்கள் முதுகைக் கழுவ மாட்டார்களாம். தண்ணீர் பட்டால் முள்ளந்தண்டு பலம் போய்விடும், நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறவனுக்கு அதுதான் எல்லாம். மற்ற இடமெல்லாம் மனைவிமார் தேய்த்துக் கழுவுவார்கள், முதுகை மட்டும் காய்ந்த துணியால் துடைத்து விடுவார்கள். சிலர் அதையும் தாண்டி, கழுவின முதுகின்மேல் சுரங்கத்தின் கூரை விழும் என்று நம்பினார்களாம். அவருடைய தாய் நம்பினார்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன், ஆனால் அவர் பார்க்கவில்லை. மனப்பாடமாகவே சொன்னார். எனக்கு நினைவிருக்கிற அளவில் அது இப்படித்தான் போனது:

அப்பா தொட்டி விளிம்பில் தலை வைத்துத் தூங்கிவிட்டார்.
தண்ணீர் மை போலக் கிடந்தது.
அம்மா தொடாத ஒரே இடம், கறுத்த காணி.
ஈரத் துணியால் அதில் என் பெயரை எழுதினேன்.
எழுதினது வடிவில்லை, முழுவதையும் அழித்தேன்,
முதுகு பால் போல வந்தது.
காலையில் மலை இறங்கி அவர்மேல் இருந்தது.
நான்தான் அதற்கு இடம் காட்டினேன்.

அப்போது அவருக்கு ஏழு வயது. தாய் பக்கத்து வீட்டுக்கு மா வாங்கப் போயிருந்த நேரம். முதுகு வெளுத்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. தகப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்து, விடிய எழும்பிப் போய்விட்டார். பத்து மணிக்குக் கூரை விழுந்தது. தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் கிடத்தி, தாய் சட்டையை வெட்டியபோதுதான் கண்டார். ஒன்றும் கேட்கவில்லையாம். அறையில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாராம். இவரிடம் வந்தபோது பார்வை நின்றதாம்.

"அதுக்குப் பிறகு என்ர முதுகில தண்ணி பட்டதில்லை," என்றார். "இண்டைக்கு வரைக்கும்."

எழுபத்தேழு வருசம். சுரங்கத்தில் குளியலறை கட்டின பிறகும், கார்த் தொழிற்சாலையிலும், கல்யாணம் கட்டின பிறகும். அதை நான் துடைத்து எடுத்துவிட்டேன், அவர் தூங்கும்போது, அவர் தன் தகப்பனுக்குச் செய்த அதே மாதிரி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சோறு இறங்கவில்லை. பெரியவருக்கு இன்றைக்கோ நாளைக்கோ ஏதாவது நடந்தால் அது என்னால்தான் என்றேன். மனைவி குழம்பை என் பக்கம் தள்ளினார்.

"இஞ்சேருங்கோ, இருபத்தெட்டு வருசமா உங்கட முதுகை நான்தான் தேய்ச்சு விடுறன். இன்னும் இருந்துகொண்டு என்ர உயிரைத்தானே எடுக்கிறியள்."

"உனக்கு அந்தாள் அலறினது தெரியாது."

"அந்தாளுக்கு எண்பத்து நாலு. என்ன நடந்தாலும் உங்கட துணியால இல்லை," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே போய் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயம் கூடியது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத்தான் என் வேலை நேரம். ஏழு மணிக்கே போய்விட்டேன். கதவுக்குப் பக்கத்தில் வாசல் திறப்பைப் போட்டு வைக்கிற பெட்டி இருக்கிறது, நான்கு இலக்கம் அழுத்த வேண்டும். இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன், பதினொரு நாளாகத் திறக்கிற பெட்டியை. உள்ளே போனால் கதிரை வெறுமையாக இருந்தது. போர்வை நிலத்தில். கட்டிலில் படுத்த தடமும் இல்லை. நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த ஒரு நிமிசத்தில் அவருடைய சாவு, பொலிஸ், விசாரணை, நான் என்ன சொல்வேன், எல்லாம் வந்து போயின.

"இஞ்ச நிக்கிறன்," என்று குசினிக்குள் இருந்து குரல் வந்தது.

நடைச்சட்டத்தைப் பிடித்தபடி கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். தானாக எழும்பி அவ்வளவு தூரம் நடந்து நான் கண்டதில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். கதிரையில் இருந்து பார்த்தாராம், விடியப்புறம் குசினிக்கு வந்து இந்தக் கூரையைப் பார்த்தாராம். நான் கிட்டப் போய்க் கையைப் பிடித்தேன். குளிராக இருந்தது, ஆனால் பிடி இறுக்கம்.

"விழேல்லை," என்றார்.

"ஓம், விழேல்லை," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பிவிட்டோம் என்ற ஆறுதல்.

அவருடைய முகத்தில் ஆறுதல் இல்லை. கன்னத்தில் அறை வாங்கின ஆளைப் போல நின்றார்.

"விழேல்லையெண்டால், அண்டைக்கும் என்னால விழேல்லை."

  கதிரைக்குக் கொண்டுபோய் இருத்தினேன். போர்வையை மூடினேன். அவர் மூடின போர்வையைத் தள்ளிவிட்டு, அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். செத்த வீட்டுக்கு வந்த ஆண்கள் குசினியில் நின்று தாழ்ந்த குரலில் கதைத்தார்களாம். அது மலையில் தனி ஆள் ஒருவர் நடத்தின சின்னச் சுரங்கம், இருபது பேர்தான் வேலை. கூரையைத் தாங்க ஆறு முட்டுமரம் கேட்டிருக்கிறார்கள். மூன்றுதான் வந்தது. மிச்சத்தைத் திங்கட்கிழமை பார்ப்போம், இன்றைக்கு வெட்டுங்கள் என்று சொன்னாராம் முதலாளி. விசாரணையில் விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

"மேசைக்குக் கீழ இருந்து கேட்டனான்," என்றார். "ஒவ்வொரு சொல்லும் கேட்டனான். குற்றவாளி ஏற்கெனவே என்ர கையில இருந்தவன், அது நான்தான். அதால வேற ஆளைத் தேடேல்லை."

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்திருக்கிறேன். இவர் அழவில்லை. நீலக் கோடு விழுந்த நெற்றி நரம்பு புடைக்க, எழுபத்தேழு வருசம் பிந்தி வந்த கோபத்தோடு இருந்தார். எனக்கு அந்தக் கோபத்தைப் பார்க்க, அலறலைக் கேட்டதை விடப் பயமாக இருந்தது.

அந்த டிக்குகளைப் பற்றி நான் அடுத்த திங்கட்கிழமை மலேசியப் பெண்ணிடம் என் வாயாலேயே சொன்னேன். அவர், "என்ன அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நர்ஸ் அந்தச் சிவப்பைப் பார்த்து, கிறீமும் மெத்தையும் எழுதிக் கொடுத்து, வீட்டிலேயே இருக்கலாம் என்றார். அவையெல்லாம் பிறகு.

அந்தக் காலையில், நர்ஸ் வர அரை மணித்தியாலம் இருக்கும்போது, பெரியவர் கொப்பியின் கடைசிப் பக்கத்தை எடுத்து, கடைசி வரியைப் பேனையால் வெட்டினார். கை நடுங்கினதில் கோடு கடைசி இரண்டு வரியையும் வெட்டிக்கொண்டு போனது. பிறகு பேனையை என்னிடம் நீட்டினார். தன் கையெழுத்தைத் தன்னாலேயே வாசிக்க ஏலாது, நான் எழுத வேண்டும் என்றார். எனக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாது என்றேன். அவரிடம் மட்டும் இல்லை, லண்டனில் ஒருவரிடமும் நான் அதை அப்படிப் பச்சையாகச் சொன்னதில்லை.

"உனக்கு எது எழுதத் தெரியுமோ அதில எழுது."

அவர் சொல்லச் சொல்ல அந்த இங்கிலீஷ் சத்தத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். ஆறு மரம் கேட்டார்கள், மூன்று வந்தது என்று ஒரு வரி. அடுத்த வரியில் அந்த முதலாளியின் பெயர். முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர். எந்தக் கவிதையிலும் அவர் அந்தப் பெயரை வைத்ததில்லையாம். நான் எழுதினதை விரலால் தொட்டு, இது பெயரா, இதுதானா என்று கேட்டார். ஓம் என்றேன். இன்னும் அழுத்தி எழுதச் சொன்னார்.

கதவு மணி அடித்தது. நான் எழும்பினேன். அவர் என் கையை விடவில்லை.

"அந்தாள் தொண்ணூறு வயசில தன்ர கட்டிலில செத்தவன்," என்றார். "ஒவ்வொரு நாளும் முதுகு கழுவின மனிசன்."

மணி திரும்ப அடித்தது. எழுதி முடித்துவிட்டுத் திற என்றார். நான் குனிந்து, அந்தப் பெயரின் மேலேயே இன்னொரு தரம் எழுதினேன்.